நிச்சயம் டீச்சர்

கணவன் இறந்த பிறகு வீட்டு முன்னறையிலேயே ஆங்கில டியூஷன் ஆரம்பித்தவளுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் நிச்சயம் டீச்சர். பரீட்சை நெருங்கினால் போதும், ஏதாவது ஒரு பாடத்தைத் தட்டிக் காட்டி, "இது நிச்சயமா வரும், மத்ததை அப்புறம் பாருங்க" என்பாள். இந்த வருஷம் அவள் கைகாட்டியது புயலில் சிக்கிய படகைப் பற்றிய கவிதை. சொல்லி முடித்த கையோடு பழைய வினாத்தாள்களை எடுத்துப் புரட்டினாள். வராமல் போனால் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

பரீட்சையன்று காலை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். பள்ளிக்கூட கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே அவள் மகளும் அதே பரீட்சையைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் டியூஷன் பிள்ளைகள் ஓடி வந்து மொய்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், படகு வந்துருச்சு! பத்து மார்க்!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மகள் மட்டும் கடைசியாக, பேனா மூடியைக் கடித்தபடி வந்தாள்.

"நீ எப்படிடி எழுதினே?"

"அந்தக் கவிதையைத் தவிர எல்லாம் படிச்சிருந்தேம்மா."

"ஏண்டி, நான் தொண்டை கிழியக் கத்தினது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதான் படிக்கலை." மகள் தரையைப் பார்த்தாள். "அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்பவும், நிச்சயமா வந்துடுவாருன்னு இதே குரல்லதாம்மா சொன்னே."