அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது

எழுபதுகளின் கடைசியில், எங்களுக்குக் கல்யாணமான நான்காம் வருஷம், ஓர் ஐப்பசி மழைநாளில் என் மனைவி கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை துவைக்கிற கல்லில் இடித்துவிட்டது. சத்தம் கேட்டுத் தறியிலிருந்து எழுந்து ஓடினேன். கண் திறந்துதான் கிடந்தாள். ஆனால் என்னை யாரோ என்பது போலப் பார்த்தாள். சற்று நேரத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கடைத்தெரு டாக்டர் ஊசி போட்டு, "ரெண்டு நாள் படுத்திருக்கட்டும், சரியாப் பூடும்" என்றார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அதனால் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் நெய்வது நான். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு இழைகளைப் பிணைப்பது அவள். ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற வீடுகளில் அது நாள் கணக்கில் இழுக்கும் வேலை. தீர்ந்துபோன பாவின் நுனிகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அவள் பிணைத்த பாவில் ஓர் இழை தவறியதில்லை. விழுந்த நாலாம் நாள் உட்கார்ந்தவள், வரிசை மாற்றிச் சேர்த்து வைத்தாள். நெய்ய ஆரம்பித்ததும் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி அறுந்தன.

"இன்னாமே இது?" என்று கத்தினேன்.

"எல்லாம் ரெண்டா தெரியுதுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எது நெசம்னே புரியல."

"வேலை செய்ய ஒடம்பு வளையலன்னா நேராச் சொல்லு."

அவள் அறுந்த இழைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே பட்டது. தண்ணீரைச் சொம்புக்கு வெளியே ஊற்றினாள். படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். எப்போதும் தலையை ஒரு தோள்பக்கம் சாய்த்தே வைத்திருந்தாள். "இன்னா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி சாஞ்சிகினு நிக்கிறா?" என்று என் அம்மா கேட்டாள். நான் சிரித்தேன். மனைவியின் எதிரில்தான்.

ஒருநாள் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டிலும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். "கண்ணு பளிச்சுனு கீது" என்றார் அவர். எனக்கு அது போதும். திரும்பி வரும் வழியில், நடுத்தெருவில், "எதுக்குடி இந்த நாடகம்?" என்று கேட்டேன். அன்றோடு அவள் கண்ணைப் பற்றிப் பேசுவதை விட்டாள். அவள் செய்கிற வேலை மட்டும் பழையபடி சுத்தமாக வரத் தொடங்கியது. ஆட்டம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மாசம் ஒரு மத்தியானம், பட்டு கொடுக்கிற முதலாளி வீட்டுக்குப் போனவன் பாதியில் திரும்பி வந்தேன். தறிக் கட்டையருகே அவள் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை மறைத்துத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி அவிழ்த்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் கட்டின் தடம் சிவந்து பதிந்திருந்தது. யாரும் இல்லாத வீட்டில் யாருக்காக ஒருத்தி நடிப்பாள்?

"எத்தினி நாளா இப்பிடி?"

"அன்னைக்கி கடைல இருந்து வந்ததுலேர்ந்துங்க. ஒரு கண்ண மூடிகினா ஒண்ணாத் தெரியுது."

மறுநாள் காலை வேலூருக்குப் புறப்பட்டோம். பஸ் ஓட ஓட எதிரே வருகிற ரோடு இரண்டாகப் பிரிந்ததில் அவளுக்குக் குமட்டியது. கண்ணமங்கலத்தில் நின்றபோது ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். மிச்ச தூரம் முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தை மேலும் கீழும் நகர்த்தினார். தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "தலைய இப்படிச் சாய்ச்சு வெச்சுக்கறாங்களே, எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"கீழ வுழுந்ததுலேர்ந்துங்க."

"விழுந்த அதிர்ச்சியில மூளை குலுங்கி, ஒரு கண்ணைத் திருப்பற நரம்பு பலவீனமாயிருக்கு. தனித்தனியா ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. சேர்ந்து பார்க்கத்தான் முடியலை. குனிஞ்சு பார்த்தா இன்னும் மோசம். தலையைச் சாய்ச்சா கொஞ்சம் ஒண்ணு சேரும். பாவம், அவங்களே கண்டுபிடிச்ச வைத்தியம் அது."

"அவ சொன்ன அன்னைக்கே கூட்டியாந்திருந்தா?"

அவர் டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார். "நரம்பு அதுபாட்டுக்கு மெதுவாத்தான் தேறும். ஆனா இத்தனை மாசம் இவங்க தனியா அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாம்."

பிம்பத்தை நகர்த்திக் காட்டுகிற ஒரு தினுசான கண்ணாடியை மாட்டிவிட்டார். அவள் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஒண்ணாத் தெரியுதும்மா" என்று சொல்லி அழுதாள். என்னிடம் சொல்லவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் நரம்பு பெரும்பாலும் தேறிவிட்டது. பாவு பிணைக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வாள். நான் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை அல்ல. "வுடுங்க" என்பாள். என்னோடு நன்றாகத்தான் இருந்தாள், பேசினாள், சிரித்தாள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் அதன்பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவளுடைய பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் அவள் மார்பில் கட்டி இருப்பது எனக்குத் தெரியவந்தபோது, அது வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே வேலூரில், வேறோர் ஆஸ்பத்திரியில், ரொம்பவும் முற்றிவிட்டது என்றார்கள். வராந்தா பெஞ்சில் அவளருகே உட்கார்ந்து, "ஏம்மே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

கோபமே இல்லாமல், ஏதோ வீட்டுச் சமாசாரம் போல, "சொன்னா நம்பணுமேங்க" என்றாள்.

ஏழு மாசம் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், விதி, யாரால் என்ன செய்ய முடியும் என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பெஞ்சில் அவள் சொன்னதை அன்று யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.