நீச்சல் குளமும் ஒரு பக்கெட் தண்ணீரும்

என் கதாநாயகர்கள் எல்லோருமே ஆறடிக்கு மேல். கோட் போடுவார்கள், கோபப்படுவார்கள், சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பெனியில் என்ன தயாரிக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. காதல் நாவல் எழுதுகிறவளுக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நான் எழுதுவது தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு. உள்ளே டாக்டரின் மெஷின் கிர்ரென்று கத்தும். எதிரே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். என் போனுக்குள் ஹீரோ மழையில் நனைவான்.

வீடு மேடவாக்கத்தில், மூன்றாவது மாடி. கணவர் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் போனில் ஏதோ எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். என்ன என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன? புனைபெயரில் எழுதுவதற்கும் அதுவே காரணம்.

எங்கள் உலகத்தில் யாரும் எடுத்த எடுப்பில் புத்தகம் போடுவதில்லை. முதலில் இணையதளத்தில் தொடராக எழுத வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழேயும் வாசகிகள் கருத்து எழுதுவார்கள். கொஞ்சம் தாமதமானாலும் "அடுத்த எபி எங்கே சிஸ்?" என்று பிய்த்து எடுத்துவிடுவார்கள். தொடர் நன்றாக ஓடினால் யாராவது பதிப்பாளர் அதைப் புத்தகமாக்குவார். என் முந்தைய தொடர்களை ஒருவரும் சீண்டவில்லை. இந்தத் தொடர் பாதி போய்க்கொண்டிருந்தபோது ஒரு பதிப்பாளர் போன் செய்தார். "முடிவு மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா புக்கா போட்டுடலாம் சிஸ்டர்" என்றார். அன்றைக்கு எந்த நோயாளியை எந்த வரிசையில் உள்ளே அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது. புனைபெயரே ஆனாலும், ஓர் அட்டையில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசையே இருக்கவில்லை.

எங்கள் அப்பார்ட்மென்டில் தண்ணீர் லாரிக்கு நான்தான் பொறுப்பு. போன் அடித்தால் உடனே எடுக்கிறவள் நான் ஒருத்திதான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். லாரி டிரைவர் என்னைக் கூப்பிடுவார், நான் குடியிருப்போர் குரூப்பில் செய்தி போடுவேன். ஒரு வியாழக்கிழமை காலை, அத்தியாயத்தை முடித்துத் தளத்தில் ஏற்றப்போகிற நேரம் பார்த்து அவர் கூப்பிட்டார்.

"அக்கா, கேட்டாண்ட நின்னுகினு கீறேன். சீக்கிரம் தொறக்கச் சொல்லு."

அவசர அவசரமாக அத்தியாயத்தையும் லாரிச் செய்தியையும் ஒட்டினேன், இடம் மாற்றி.

தளத்தில் பதினெட்டாம் அத்தியாயம் என்ற தலைப்பின் கீழே, "லாரி வந்துவிட்டது. தொட்டி நிரம்பும்வரை யாரும் மோட்டார் போடவேண்டாம்" என்று இருந்தது. "ஹீரோவோட லாரியா சிஸ்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள். இன்னொருத்தி "செம ட்விஸ்ட்" என்று பாராட்டியிருந்தாள்.

அப்பார்ட்மென்ட் குரூப்பிலோ, கொட்டுகிற மழையில் அவன் அவளை அலாக்காகத் தூக்கிக் காரில் உட்கார வைத்து, ஈரக் கூந்தலை ஒதுக்கி, நெற்றியில்... சரி, அது போதும். நான் பார்ப்பதற்குள் முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டார்கள். எதைப் போட்டாலும் "நோட்டட்" என்று பதில் போடுகிற கீழ்வீட்டு சார் இதற்கும் "நோட்டட்" போட்டிருந்தார். சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற டீச்சர். "இது தண்ணீர் சம்பந்தமான குரூப்" என்று நினைவூட்டியிருந்தார். மழையும் தண்ணீர்தானே மேடம் என்று எழுதக் கை பரபரத்தது, எழுதவில்லை. அந்தக் குரூப்பில் என் கணவரும் இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வந்தார். வழக்கம்போல ஈரத் தலை, துணி சோப்பு வாசனை. பட்டறையிலேயே குளித்துவிட்டு வருவது அவர் பழக்கம். அந்த வாசனைக்காக அவரைத் திட்டுவது என் பழக்கம். அன்று திட்டவில்லை. தோசையை வார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் முகத்தைப் பார்த்தேன்.

"படிச்சேன்" என்றார்.

"ம்."

"அவன் இன்னா வேல செய்றான்?"

"கம்பெனி வச்சிருக்கான்."

"எப்பப் போவான்? எந்நேரமும் அந்தப் பொண்ணு பின்னாடியே சுத்திக்கினு கீறான்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முழுக் கதையையும் காட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எட்டப் பிடித்தபடி, அதுவரை வந்த அத்தனை அத்தியாயங்களையும் படித்தார். நான் சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பேப்பர் திருத்துகிறவருக்கு எதிரிலேயே நிற்கிற மாணவி மாதிரி இருந்தது.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதற மா" என்றார். பிறகு, "ஆனா நம்ம வூட்ல நடக்கறது ஒண்ணு கூட இல்லியே. இத்தினி வருசத்துல ஒண்ணு கூடவா தேறல?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மானம் போயிற்றே என்று நான் தவித்துக்கொண்டிருந்த கதையில் இந்த மனிதர் தன்னைத் தேடியிருக்கிறார். பாவமாக இருந்தது. அழுகை வேறு வந்தது. அந்த வாரம் எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை.

ஒரு நாள் ஈரத் தலையோடு வந்தவரிடம் பழைய பாட்டையே ஆரம்பித்தேன். "வீட்டுல வந்து குளிச்சா என்னங்க? இந்த சோப்பு நாத்தம் தாங்கல."

"நான் இங்க குளிச்சா காலைல உனக்கு இன்னா மிஞ்சும்? டேங்க்கு காலியாயிடுது. பட்டறையில போர் தண்ணி கீது" என்று சொல்லிவிட்டு லுங்கி மாற்றப் போய்விட்டார்.

குளியலறையை எட்டிப் பார்த்தேன். பக்கெட் நிறைய தண்ணீர், மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. அது தினமும் அங்கே இருக்கும். கிரீஸ் போவதற்காகத்தான் அவர் பட்டறையில் குளிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கெட்டை யார் நிரப்பி வைக்கிறார் என்று நினைத்ததே இல்லை. இந்த லட்சணத்தில் அப்பார்ட்மென்டுக்கே தண்ணீர்ப் பொறுப்பாளர் நான்.

கடைசி அத்தியாயத்தை அந்த வேகத்தில் எழுதினேன். கோடை, லாரி வராத வாரம். ஹீரோ ஆபீசிலேயே குளித்துவிட்டு வருகிறான், அவள் சண்டை போடுகிறாள், பிறகு மூடி வைத்த பக்கெட்டைப் பார்க்கிறாள். அவன் அவளைத் தூக்கவில்லை, மழையும் இல்லை. பதிப்பாளருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன சிஸ்டர் இது? ஹீரோ பக்கெட்ல தண்ணி பிடிச்சு வைக்கிறானா? அவன் வீட்டுல நீச்சல் குளம் இருக்குன்னு மூணாவது எபில நீங்கதானே எழுதினீங்க?"

மறந்தே போயிருந்தேன். குளத்தைச் சுற்றிப் பூந்தொட்டி எல்லாம் வைத்திருந்தேன்.

"பக்கெட்டை எடுத்துடுங்க. இல்லன்னா புக்கு பத்தி யோசிக்கணும்" என்றார்.

அட்டையில் என் பெயர் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. எடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொன்னது. அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார்.

"நீச்சல் குளத்தை எடுத்துடறேன் சார்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். நான் தளத்தில் ஏற்றிவிட்டேன். ஹீரோ சப்பென்று ஆகிவிட்டான் என்று சிலர் திட்டினார்கள். தேம்பித் தேம்பி அழுததாகச் சிலர் எழுதினார்கள். "இந்த மாதிரி ஆம்பளை எல்லாம் கதையில மட்டும்தான் சிஸ்" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டிருந்தாள். கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ, பதிப்பாளர் மறுபடியும் கூப்பிட்டார். "போட்டுடலாம் சிஸ்டர். ஆனா அட்டை முன்னாடியே ரெடியாயிடுச்சு, மாத்த முடியாது" என்றார்.

புத்தகம் கூரியரில் வந்தது. அட்டையில் நீச்சல் குளம், பக்கத்தில் கோட் போட்ட ஆறடி ஆள், மேலே தங்க எழுத்தில் என் புனைபெயர். அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் வேலையிலிருந்து வந்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு?" என்று அந்தக் கோட் போட்ட ஆளைக் காட்டினார்.

"நீங்கதான்" என்றேன்.

குனிந்து நெடுநேரம் பார்த்தார். தலையிலிருந்து ஒரு சொட்டு அட்டையில் விழுந்தது. பதறிப்போய்ச் சட்டை நுனியால் அதை ஒற்றி எடுத்தார்.