இரண்டாவது தாவாங்கட்டை

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து வந்ததும் அஹமது கபீர் மொட்டை மாடிக்கு ஏறி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, வானத்தை முத்தமிடுவார். முப்பது முறை. பிறகு நாக்கை நீட்டி மூக்கு நுனியைத் தொடப் பார்ப்பார். அது இருபது முறை. கடைசியாகக் கீழ்த்தாடையை மேசை இழுப்பறையைப் போல முன்னால் இழுத்து, பத்து எண்ணும் வரை அப்படியே நிற்பார். குடவாசலில் அந்நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகளும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை பிரகதாம்பாளும்தான். காக்கைகளுக்குப் பழகிவிட்டது. பிரகதாம்பாள் மட்டும் மூன்றாம் நாள் சுற்றுச்சுவர் ஓரமாக வந்து கபீரின் மனைவி ரசியா பேகத்திடம் விசாரித்தார்.

“பாய்க்கு இழுப்பு கிழுப்பு வருதாம்மா? காலைல மேல நின்னு ஒரு மாதிரி பண்றாரே.”

“டபுள் சின்னுக்காம் டீச்சர். தாவாங்கட்டைக்குக் கீழ இன்னொரு தாவாங்கட்டை வந்திருக்காம். அத உள்ள அனுப்புறாங்க.”

கபீருக்கு வயது ஐம்பத்து நான்கு. சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, பஸ் நிலையத்துக்கு எதிரே விமான டிக்கெட் போட்டுத் தரும் ஒரு சின்ன டிராவல்ஸ் வைத்திருந்தார். அங்கே அலமாரிகளில் ஒரே சாமானை ஒன்பது கம்பெனிப் பெயரில் அடுக்கிப் பழகிய கை. எந்தப் பொருளையும் தனியாகப் பார்க்க அவரால் முடியாது. “ரெண்டோட வச்சுப் பாக்காம ஒண்ண எடுக்கப்படாது” என்பார். மிக்சி வாங்க ஐந்து கடை. போர் மோட்டார் வாங்கத் திருவாரூருக்கு மூன்று நடை. மகள் ரிஃப்காவுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் ஒரே நிலைப்படியில் நிற்கவைத்து, தலை எதுவரை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். அப்படிப் பார்க்காமல் வந்தது ரசியா மட்டும்தான். “அப்ப நான் சார்ஜால இருந்தேன், அம்மா பாத்து முடிச்சிருச்சு. ஆப்ஷன் இல்ல” என்று விருந்தினர் முன்னாலேயே சொல்வார். ரசியா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இரண்டாவது தாவாங்கட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் தோஹாவில் வேலை பார்க்கும் மகன் சுஹைப். கஜா புயலுக்கு அடுத்த வருஷம், வீடியோ காலில்.

“அத்தா, போனை மேல தூக்குங்க. வெறும் கழுத்துதான் தெரியுது.”

“அது கழுத்து இல்லடா. மூஞ்சி.”

மகன் சிரித்துவிட்டு மறந்து போனான். கபீர் மறக்கவில்லை. அந்த வாரமே பாபநாசத்துப் பக்கீர் முகம்மது, சார்ஜாவில் ஒரே அறையில் பதினோரு வருஷம் கபீருக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவர், வாட்ஸப்பில் ‘ரூம் நம்பர் ஆறு’ என்று ஒரு குரூப் தொடங்கினார். டிசம்பரில் தஞ்சாவூரில் எல்லாரும் குடும்பத்தோடு கூடுவதாக ஏற்பாடு. கூடவே தன் படத்தையும் போட்டிருந்தார். தகரப் பெட்டியின் மடிப்பு போலக் கூராக இருந்தது தாடை. கபீர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடியும் பெரிதாக்கினார். எங்கேயும் தொங்கவில்லை.

முதலில் தாடி வளர்த்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஷா அல்லாஹ், சுன்னத்தப் பிடிச்சிட்டீங்க” என்று, நபிவழித் தாடி என நினைத்து மகிழ்ந்தபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தாடியோ கன்னத்தில் வராமல் மோவாயின் அடியில் மட்டும் அடர்ந்து, எதை மறைக்க வைத்தாரோ அதற்குக் கறுப்பு பார்டர் கட்டியது. ஹஜ்ரத்துக்குப் பயந்து இனி மழிக்கவும் வழியில்லை. அடுத்து, ஆன்லைனில் ஒரு எலாஸ்டிக் பட்டை வந்தது. பல்வலிக்காரர் மாதிரி உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். டிக்கெட் கேட்டு வந்தவரிடம் “ஷென்னைலேந்தா, திருஷ்ஷிலேந்தா?” என்றார். வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போனார்.

பிறகுதான் வைத்தியங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினார். போனில் பார்த்ததையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் ரசியாவுக்குப் பாடம் எடுப்பார்.

“ஊசின்னா கொழுப்பு கரையும். ஆனா ஒரு வாரம் தவளையாட்டம் வீங்கிக் கெடக்கணும். குளிர் மெஷின்னா கொழுப்பு உறைஞ்சு செத்துரும், வீக்கம் கம்மி. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். சவுண்டு மெஷினு இருக்கு, அது தோல இறுக்கும், நம்மள மாதிரி சதைக்கு லாயக்குப்படாது. ஓட்ட போட்டு உறிஞ்சிட்டா ஒரே நாள்ல ஜோலி முடிஞ்சுது. அப்பறம் துணி கட்டிக்கிட்டுத் திரியணும்.”

“மோட்டார் வாங்குறாப்ல பேசுறீங்க.”

“மோட்டார் கெட்டா மாத்திக்கலாம். மூஞ்சிய மாத்த முடியுமா?”

ரசியா கறியை அவர் தட்டில் வைத்துவிட்டு, “எனக்கு முழுங்குறப்ப தொண்டைல ஏதோ நிக்கிற மாதிரியே இருக்குங்க” என்றாள்.

“வெந்நி குடி. உறிஞ்சுறதுல இன்னொரு சங்கதி என்னன்னா...”

கும்பகோணத்தில் ஒரு அழகு நிலையம், திருச்சியில் ஒரு கிளினிக், தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டர் என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டார். ஓர் ஆண்பிள்ளை, அதுவும் தாடி வைத்தவர், தாவாங்கட்டையைக் குறைக்க வந்தார் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? ரசியாவைக் கூட்டிப்போனார். வரவேற்பில் பெயர் கேட்டால், “ரசியா பேகம், நாப்பத்தெட்டு” என்பார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், “வீட்ல அவங்களுக்கு ஸ்கின் அலர்ஜி” என்றார். பர்தாவுக்குள் இருந்த ரசியா, இல்லாத அலர்ஜிக்காக ஏசி ஹால்களில் மீன்தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கும்பகோணத்தில் ஒரு பெண் சிகிச்சைக்கு முன், பின் எடுத்த படங்களின் ஆல்பத்தைக் காட்டினாள். ‘பின்’ படங்களில் எல்லாரும் தலையைத் தூக்கியிருந்தார்கள். கபீர் ஆல்பத்தை மூடினார். “வாடுன கீரைல தண்ணி தெளிச்சு அடுக்குற வேல நான் இருவத்ரெண்டு வருஷம் பாத்தவன்மா.” திருச்சியில் குளிர் மெஷின் இருந்தது. “எத்தன வருஷம் கேரண்டி?” என்று கேட்டார். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் நிற்கும் என்றார் டாக்டர். “அப்ப கேரண்டி இல்லன்னு சொல்லுங்க” என்று எழுந்துவிட்டார்.

தஞ்சாவூர் டாக்டரின் பெயர் மலர்க்கொடி. “ரசியா பேகம்” என்று கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் ரசியாவைப் பார்த்து, “சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?” என்றார்.

“தாவாங்கட்டைக்குக் கீழ ஒரு வீக்கம் டாக்டர்” என்று ஆரம்பித்தார் கபீர்.

“நீங்க இருங்க சார். அவங்க சொல்லட்டும். முக்காட்டக் கொஞ்சம் தளத்துங்கம்மா.”

ரசியா கணவரைப் பார்த்தாள். பிறகு முக்காட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்துவிட்டுத் துணியை விலக்கினாள். டாக்டர் எழுந்து பக்கத்தில் வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, “ஒரு வாய் குடிங்க. இப்ப முழுங்குங்க” என்றார். ரசியாவின் கழுத்தில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கம், பெருநெல்லி அளவுக்கு ஒன்று மேலே ஏறிக் கீழே இறங்கியது.

“டாக்டர், பேஷண்டு நான்” என்றார் கபீர்.

“தெரியுது. அப்பறம் வரேன் உங்ககிட்ட.” டாக்டர் கையை எடுக்கவில்லை. “இது எவ்வளவு நாளா இருக்கு?”

கேள்வி இருவருக்கும் பொதுவாகத்தான் வந்தது. தன் சதை தொங்கத் தொடங்கிய மாதத்தைக்கூட ஒப்பிக்கத் தெரிந்த கபீர் வாயைத் திறந்தார். திறந்தபடியே ரசியாவின் பக்கம் திரும்பினார்.

“ரிஃப்கா கல்யாணத்தப்ப சின்னதா இருந்துச்சு” என்றாள் ரசியா. “மூணு வருஷம் ஆச்சு.”

“வீட்ல சொல்லலையா?”

“சொன்னேன். வெந்நி குடிக்கச் சொன்னாங்க.”

டாக்டர் கபீரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று கபீருக்குத் தோன்றியது. “இதுக்கும் அந்தக் குளிர் மெஷின் வைக்கலாமா டாக்டர்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நான் தோல் டாக்டர் சார். இது தைராய்டு கட்டி மாதிரி இருக்கு. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துட்டு சர்ஜனைப் பாருங்க.” கடிதம் எழுதிக் கொடுத்தார். கதவு வரை போன கபீர் திரும்பி, “அப்ப எனக்கு?” என்றார். “நடங்க. சோத்தக் கொறைங்க” என்றார் டாக்டர், அடுத்த பெயரைக் கூப்பிட்டபடி.

ஸ்கேனுக்குப் பிறகு ஊசி குத்திச் சோதித்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்று வந்தது. கபீர் அப்போதும் விடவில்லை. தாவாங்கட்டைக்கு வாங்கிய அதே பிளாஸ்டிக் ஃபைலில், ஏற்கெனவே ரசியா பேகம் என்று பெயர் எழுதியிருந்ததால் வசதியாக, ரிப்போர்ட்டுகளைச் செருகிக்கொண்டு மூன்று சர்ஜன்களைப் பார்த்தார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஒன்பது பெயர் இல்லை, ஆப்ஷன் இல்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மாபேட்டை தாண்டும்போது, “மதுரைல ஒருத்தர் இருக்காராம். அவரையும் பாத்துருவமா?” என்றார்.

ரசியா ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “போதும்ங்க. என் கழுத்த நாலு டாக்டர் பாத்தாச்சு. நீங்கதான் இன்னும் பாக்கல.”

கபீர் போனை எடுத்து மதுரை டாக்டரின் நம்பரை அழித்தார். 

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது அது ரூம் நம்பர் ஆறு கூடும் ஞாயிறுக்கு முந்தின நாளாக அமைந்தது. கபீர் குரூப்பில் வரமுடியாது என்று மட்டும் போட்டார். ஞாயிறு சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு பக்கீர் முகம்மது, யாரிடமோ விசாரித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார். கபீருக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. சட்டைக் காலருக்கு மேல் மூன்று மடிப்பு.

“அந்தப் போட்டோ...” என்றார் கபீர்.

“அது போன்லயே இருக்குடா. ஒரு பட்டன அமுக்குனா சரியாயிரும். நீ அமுக்குறது இல்லையா?”

கபீருக்குச் சந்தோஷமாக இல்லை என்றால் அது பொய். ஒரு நிமிஷம் மிகவும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உள்ளே ரசியா இருமினாள். பிரியாணியை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கட்டி கெட்டதுதான், ஆனால் சுரப்பியைத் தாண்டிப் போகவில்லை, முழுதாக எடுத்தாயிற்று, இனி தினம் ஒரு மாத்திரை போதும் என்றார் சர்ஜன். கபீர் அவரிடம் கேரண்டி கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தார், ரசியா முழங்கையால் இடித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குத் தொண்டை கட்டியே இருந்தது. கெட்டியாக எதுவும் இறங்கவில்லை. அடுப்புப் பக்கம் போயே அறியாத கபீர் குருணைக் கஞ்சி வைத்தார். முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் உப்பில்லை. மூன்றாம் நாள் கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதி ஒரு கரண்டி கொடுத்தார். ரசியா கண்ணை மூடிக்கொண்டு, வலி பொறுத்து, மெதுவாக விழுங்கினாள். எதிரே வாயில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த கபீரின் தொண்டையும் தாடிக்குக் கீழே அவளோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அவர் அடுத்த கரண்டியை எடுத்தார்.