வெள்ளக்கரட்டுக்கு ஷேக் தாவூது கொடுத்த வாக்கு

எழுபதுகளின் கடைசியில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டு ஆம்பிளையைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி, "எந்த நாட்டுல இருக்காப்ல?" என்பதுதான். ஷேக் தாவூதைப் பற்றி யாராவது அப்படிக் கேட்டால் அவர் மனைவி ஷரீபா சிரிக்காமல் பதில் சொல்வாள்: "ஜீப்புல இருக்காரு."

அண்ணன் ஜமால் முகமது துபாயில் ஸ்டோர் கீப்பர். மச்சான்மார் சவூதியில். தாவூதுக்கு மட்டும் கடல் தாண்டும் ஆசை வரவில்லை. பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் மில்லுக்கும் அதை ஓட்டுவார். பஸ் போகாத ஊருக்கெல்லாம் அது போகும். ரோடு முடிந்து வண்டிப்பாதை தொடங்குகிற இடத்தில்தான் அவருக்கு உற்சாகமே பிறக்கும்.

எண்பதாம் வருடம் தைப் பொங்கல் கழிந்த சமயம், வெளியூரிலிருந்து டாக்டர் இராமலிங்கம் என்பவர் வந்து அந்த ஜீப்பை மாத வாடகைக்குப் பேசினார். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரடுகளிலும் முள்ளுக்காடுகளிலும் என்னென்ன காட்டு மிருகங்கள் மிச்சமிருக்கின்றன என்று கணக்கெடுப்பது அவர் வேலை. டாக்டர் என்றதும் போகிற ஊரிலெல்லாம் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அவர் பொறுமையாக, "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்பார். அந்தப் பொறுமைதான் தாவூதுக்கு அவரைப் பிடிக்கச் செய்தது.

முதலில் தாவூது ஜீப்பிலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கூண்டு தூக்க இறங்கினார். அப்புறம் கால்தடத்தில் சுண்ணாம்புச் சாந்து ஊற்றி அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டார். ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரின் இடுக்கில் தொங்கும் வௌவால்களை டார்ச் அடித்து எண்ணினார்கள். செட்டிகுளம் மலையடியில் முள்ளம்பன்றி முள் பொறுக்கினார்கள். வேலியோரக் கிளுவை மரத்தில் உருண்டைக் கண்ணோடு சுருண்டு கிடந்த தேவாங்கைப் பார்த்த அன்று தாவூது வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் அதைப் பற்றியே பேசினார்.

ஒருநாள் ஜீப்பின் பின்பெட்டியைக் கூட்டப் போன ஷரீபா, காகிதப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஏங்க, இது என்னங்க கருமம்?"

"நரி போட்டது. அதுல என்ன தின்னுச்சுன்னு பாக்கலாம்."

"ஊர்ல இருக்கறவன்லாம் அத்தரும் கைலியும் கொண்டாரான். நீங்க நரிப் பீயைக் கொண்டாறீங்க. அல்லாவே!"

அவள் இதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. தாவூதும் சிரித்தார்.

கணக்கெடுத்த இடங்களில் டாக்டருக்கு மிகவும் பிடித்தது வெள்ளக்கரடு. அரியலூருக்கு மேற்கே, முழங்காலளவு புல்லும் காரைச் செடியும் சூரைமுள்ளுமாகக் கிடந்த மேட்டுநிலம். மண்ணைக் கீறினால் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் தெரியும். அங்கே குழிநரிகள் இருந்தன. ஊளையிடும் பெரிய நரி இல்லை இது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, ஒல்லிக்கால், வால் நுனி மட்டும் கறுப்பு. குழி தோண்டி அதில் குட்டி போடும். வயல் எலியும் நண்டும் வெட்டுக்கிளியும் தின்று பிழைக்கும். மற்ற இடங்களில் அருகிப்போன அந்தப் பிராணி இங்கே குடும்பம் குடும்பமாக இருப்பதாக டாக்டர் சொன்னார்.

ஒரு இடைஞ்சல் இருந்தது. கரட்டை ஒட்டிய கரட்டூர்க்காரர்கள் பங்குனியில் பாரிவேட்டை போவார்கள். நாயும் வலையும் தடியுமாக ஊர் ஆண்கள் மொத்தமும் கரட்டை வளைப்பார்கள். முயல்தான் குறி என்றாலும் வலையில் விழுந்தது எதுவும் தப்பாது. வேட்டைக்கு முன்னே நடப்பவர் பூமாலை. பண்ணை வேலைக்குப் போய் வளர்ந்த மனிதர், அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் கொடுத்தால் கரட்டின் அந்தக் கோடிவரை கேட்கும்.

டாக்டர் தாவூதை அழைத்துக்கொண்டு பூமாலை வீட்டுக்குப் போனார். வாசலில் ஊரும் கூடிவிட்டது. "வேட்டையை விட்டுடுங்க. இந்த மிருகங்க இருக்குன்னு காட்டினா கவர்மெண்டுல இந்தக் கரட்டை ஒதுக்கி வைப்பாங்க. கல்லு தோண்ட எவனும் வர முடியாது. மேய்ச்சல் உங்களுக்கே இருக்கும்" என்றார்.

ஆடு வைத்துப் பிழைக்கிற ஊர் அது. சுற்றிலும் கல் வெட்டும் குழிகள் பெருகிக்கொண்டிருந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பூமாலை டாக்டரை விட்டுவிட்டுத் தாவூதின் முகத்தைப் பார்த்தார்.

"பாய், இவரு வேலை முடிஞ்சா ரயிலேறிப் போயிடுவாரு. நீ இந்தப் பக்கத்து ஆளு. உன் தகப்பனாரு தெருத்தெருவா துணி மூட்டை தூக்கிட்டு வந்தப்ப எங்க வூட்டுலதான் தண்ணி குடிப்பாரு. நீ சொல்லு. நம்பலாமா?"

தாவூது டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார்.

"நம்பலாம்ண்ணே. இது எங்கிட்ட ஒப்படைச்ச அமானிதம் மாதிரி. நான் பொறுப்பு."

அந்தப் பங்குனியில் வேட்டை நடக்கவில்லை. அடுத்த பங்குனியிலும் இல்லை. இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். "பாய் பேச்சைக் கேட்டுட்டு நம்மாளு நரிக்குக் காவல் இருக்காரு" என்று கேலி பேசினார்கள். ஆனால் பூமாலை சொன்ன சொல்லில் நின்றார். வலைகளைப் பரணில் ஏற்றிப் போட்டுவிட்டு, தான் அறிந்த குழிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டினார். எதில் குட்டி இருக்கிறது, எதைக் கைவிட்டுவிட்டது, எதற்குப் பின்வாசல் இருக்கிறது என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்தது அவர் மூலமாகத்தான்.

ஒரு விடியற்காலையில் மூவரும் புதர் மறைவில் படுத்திருந்தார்கள். குழியிலிருந்து குட்டிகள் வெளியே வந்து ஒன்றின் வாலை ஒன்று கடித்து இழுத்தன. தாய் வாயில் எலியோடு வந்ததும் அதன் மேல் ஏறி விழுந்தன. பூமாலை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தாவூதின் காதில் சொன்னார்: "இத்தனை வருசம் இதுக்கு மூஞ்சி இருக்குன்னே நான் பாத்ததில்ல பாய்."

இதற்கிடையில் துபாயிலிருந்து ஜமால் முகமது தம்பிக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டு விடுப்பில் வந்தார். "கம்பெனியில டிரைவர் வேலை. ஏசி வண்டி. இன்னும் எத்தனை நாளைக்கு முள்ளுல ஓட்டுவே?" என்றார்.

"இப்ப முடியாதுண்ணே. ஒரு ஊருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நரிக்கா?"

"நரிக்குந்தான்."

அண்ணன் கோபித்துக்கொண்டு அந்த விசாவில் பக்கத்துத் தெருப் பையனை அனுப்பினார். ஷரீபா கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு, "போனது போகட்டும். அந்தக் குட்டியை எனக்கும் ஒருநாள் காட்டுங்க" என்றாள். காட்டினார்.

எண்பத்து மூன்றில் கணக்கெடுப்பு முடிந்தது. டாக்டர் தாவூதைத் தழுவிக்கொண்டு, "நல்ல சேதியோட வருவேன்" என்று சொல்லி ரயிலேறினார். அதன்பின் வருடம் ஒன்று ஓடியும் ஒரு சேதியும் இல்லை. பூமாலை பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். "கவர்மெண்ட் காரியம்ண்ணே, மெதுவாத்தான் நடக்கும்" என்று தாவூது சமாதானம் சொல்வார்.

ஒருநாள் ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர், "உங்க டாக்டரு நாளைக்கு வர்றாராமே பாய்" என்று வந்து சொன்னார். தாவூதுக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பைக் கழுவினார். ஷரீபா டிபன் கேரியரில் பிரியாணி கட்டிக் கொடுத்தாள். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றார்.

டாக்டர் இறங்கினார். தாவூதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். "தாவூது! நீங்க வரணும்னு இல்லையே" என்றார். அதற்குள் சபாரி சட்டைக்காரர் ஒருவர் மாலையோடு வந்து அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். வெளியே வெள்ளை அம்பாசிடர் நின்றது. அதன் முன்கண்ணாடியில் சுண்ணாம்புக்கல் கம்பெனி ஒன்றின் பெயர் ஒட்டியிருந்தது. டாக்டர் அதில் ஏறினார்.

தாவூது காரின் பின்னாலேயே ஓட்டினார். கார் வெள்ளக்கரட்டுக்குப் போனது. அங்கே சிவப்புக் கொடி கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள். புல்டோசர் ஒன்று நின்றது. கம்பெனி ஆட்களுக்கு நடுவே டாக்டர் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "அந்தச் சூரைக்குப் பின்னாடி ஒண்ணு. அதுக்குப் பின்வாசல் கிழக்கே இருக்கு, ரெண்டையும் அடைக்கணும்." பூமாலை காட்டிக்கொடுத்த குழிகள் அவை.

தாவூது ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனார்.

"சார், என்ன சார் இது?"

டாக்டர் அவரைத் தனியே அழைத்துப்போனார். "நான் இப்ப இவங்களுக்கு ஆலோசகர். நரி இருக்குன்னு எவனாவது மனு போட்டா வேலை நின்னுடும்னு பயப்படறாங்க. நான் வராட்டி வேற ஒருத்தன் வருவான் தாவூது. குட்டி இருக்கிற மாசம் எதுன்னு அவனுக்குத் தெரியாது. இப்பக் குட்டி இல்ல. இப்ப மூடினா பாவம் குறைச்சல்."

"ஒதுக்கி வைப்பாங்கன்னு சொன்னீங்களே சார்."

"கல்லு இருக்கிற நிலம். இது முன்னாடியே முடிவானது."

"முன்னாடின்னா எப்ப?"

டாக்டர் கொடிக்குச்சிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். தாவூது மறுபடி கேட்டார். "பூமாலை அண்ணன் வூட்டு வாசல்ல என்னை வாக்குக் குடுக்க வச்சீங்களே, அப்பவே தெரியுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேச்சு இருந்தது. ஆனா வேட்டை நடந்தா கணக்கு சரியா வராது. அதை நிறுத்தியாகணும். வேற எப்படிச் சொல்லி நிறுத்தறது?"

தாவூது பிற்காலத்தில் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஷரீபாவிடம் மட்டும் சொன்னார். அந்த ஆள் திட்டியிருந்தாலோ, யாரென்றே தெரியாதது போல் நடித்திருந்தாலோ தாங்கியிருப்பேன் என்றார். பழைய அதே பொறுமையான குரலில் பேசினாராம். அந்தக் குரலை நம்பித்தானே போனேன் என்றாராம்.

அன்று தாவூது திரும்பிப்போய் ஜீப்பை எடுத்துப் புல்டோசரின் முன்னால் குறுக்கே நிறுத்தினார். ஜீப் சாவியைப் பிடுங்கிப் புதருக்குள் வீசினார். சத்தம் கேட்டுக் கரட்டூர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். போலீஸ் வந்தது. தாவூதைக் கொண்டுபோய் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பேசி வெளியே விட்டபோது, ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. குழிகளில் வைக்கோலும் மிளகாயும் போட்டுப் புகைமூட்டிக் கல்லடைத்தாகிவிட்டது. வேலைக்கு வந்தது வேறு ஊர் ஆட்கள்.

நேரே பூமாலை வீட்டுக்குப் போனார். பூமாலை வாசலில் நின்றிருந்தார். இவரைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணே, எனக்கும் தெரியாதுண்ணே" என்று கதவைப் பார்த்துச் சொன்னார் தாவூது.

பூமாலையின் மனைவி கொளஞ்சியம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "நீ பொய் சொன்னேன்னு நான் நினைக்கல பாய். ஆனா அந்தாளு பேச்சை மட்டும் கேட்டிருந்தா நாங்க வலையை எறக்கிட்டு வேட்டைக்குப் போயிருப்போம். குழியைக் காட்டியிருக்க மாட்டோம். உன் மூஞ்சியைப் பாத்துத்தான் காட்டுனோம். இப்ப இவரை ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? காட்டைக் காட்டிக் குடுத்தவருன்னு. அதுக்கு நீ என்ன பதில் சொல்லுவே?"

 தாவூது சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வெடி வைக்க ஆரம்பித்தார்கள். மேய்ச்சல் போனது. ஆடுகளை விற்றுவிட்டு பூமாலையின் மகன்கள் அதே கரட்டில் வெட்டிய கல்குழிக்குள் கல்லுடைக்க இறங்கினார்கள். பூமாலை அதற்குப்பின் ஊர்க்காரியம் எதிலும் முன்னே நடக்கவில்லை. தாவூதை டவுனில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஒரு சொல் திட்டியதில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று தாவூது காத்திருந்தார். எண்பத்தாறு ஐப்பசி மழையில் பூமாலை காய்ச்சல் கண்டு இறந்தபோது தாவூது போனார். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

அண்ணன் மறுபடி விசா பேசினார். தாவூது போகவில்லை. போனால் ஓடிவிட்டான் என்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, காரணம் சொல்லவில்லை. ஜீப்பைத் தட்டி நிமிர்த்திப் பழையபடி கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஓட்டினார்.

எண்பத்தெட்டில் வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் தோல் உரிந்த மூக்கு, தோளில் பைனாகுலர். குழிநரி எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடி வந்திருந்தாள். யாரோ தாவூதின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சில நாள் அவர் ஜீப்பில் சுற்றினாள். டீக்கடையில் தன் டீயோடு அவர் டீயையும் கேட்டு வாங்குவாள். ஓணான் குறுக்கே ஓடினால் வண்டியை நிறுத்தச் சொல்வாள். நல்ல பெண் என்று தாவூதுக்குத் தெரிந்தது. இராமலிங்கமும் அப்படித்தான் தெரிந்தார்.

செட்டிகுளத்துக்குத் தெற்கே ஒரு பொட்டல் சரிவில் குழிநரி ஜோடி ஒன்று இருந்தது. தாவூது அந்த வருடம்தான் அதைக் கண்டுபிடித்திருந்தார். ஷரீபாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சரிவுக்குத் திரும்பும் வண்டிப்பாதை வந்தபோது அந்தப் பெண் கேட்டாள்:

"அந்தப் பக்கம் என்ன இருக்கு பாய்?"

"கரும்புதான்மா. ஒண்ணும் இல்ல."

"நரி?"

"இந்தப் பக்கம் பாத்து வருசக்கணக்காச்சு."

ஜீப் நேரே போனது. கடைசி நாள் அவள் பஸ் ஏறும்போது, "கிடைச்சிருந்தா அந்த இடத்தைக் காப்பாத்த ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றாள்.  தாவூது ஜன்னல் வழியே அவளுக்கு வாழைப்பழச் சீப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவள் நம்பிக்கையோடு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தாவூது சாப்பிட உட்கார்ந்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்று ஷரீபா கேட்டாள்.

"அந்தப் புள்ள நெசமாவே நல்ல புள்ளையா இருந்திருந்தா?" என்றார்.

ஷரீபாவுக்கு விஷயம் புரியவில்லை. அவர் தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.