துளை போட்ட ரோமக் காசு

ரோமானிய வெள்ளிக் காசு சேர்ப்பவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம்தான். பதினைந்து வருடத்தில் ஆறே காசுகள். எல்லாம் பில்லோடு வாங்கியவை. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. மயிரிழை வித்தியாசத்தைக்கூட விடமாட்டேன் என்று பெயர்.

கோலார் பக்கம் ஊரிகத்தில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு காசு வெளியே வந்தது. அவர்கள் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் முதல் மூன்று மாதம் இடுப்பில் கட்டுவதாம். மாமியார் வேலூர்ப் பக்கமிருந்து கொண்டுவந்தது, ஏதோ வெள்ளைக்காரன் காசு என்றார். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நான் வாங்கிப் பார்த்தேன். தேய்ந்த முகம், ஓரத்தில் நாலைந்து எழுத்து. என்னிடமிருந்த காசுகளில் சிறந்ததில் இருக்கும் அதே ரோம அரசன். பெங்களூரில் தெரிந்த பழங்காசு வியாபாரியிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். யோசிக்காமல் கயிற்றிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சும்மா இருக்க முடியாமல் காசை எடுத்து லென்ஸில் பார்த்தேன். பங்காருபேட்டையில் கூட்டம் முட்டி ஏறியது. அவசரமாகத் தாளில் மடித்துப் பையில் போட்டேன். வியாபாரி எதிரில் பிரித்தபோது தாள் மட்டும்தான் இருந்தது.

பையைக் கவிழ்த்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி யார்டுக்குப் போய்விட்டிருந்தது. கெஞ்சிக் கேட்டு உள்ளே போய், கைபேசி வெளிச்சத்தில் சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். கடலைத் தோல்தான் கையில் அகப்பட்டது.

அன்று சாயங்காலமே அக்கா கேட்டார். வியாபாரி ஒரு வாரம் வைத்திருந்து பார்ப்பாராம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க வேலையில் ஒரே அளவை மூன்று முறை எடுத்தேன்.

கடைசியில் என்னிடமிருந்த அதே அரசன் காசை எடுத்துக்கொண்டு, கயிறு கோக்கத் துளை போட ராபர்ட்சன்பேட்டை நகைப் பட்டறைக்குப் போனேன். பழைய வெள்ளி கண்ணாடி மாதிரி, டிரில் பட்டால் பிளந்தாலும் பிளக்கும் என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பிளக்கவில்லை. அரசன் மூக்கையும் நெற்றியையும் நானே எமரித் தாளால் தேய்த்து மழுக்கினேன்.

அக்கா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா, பளிச்சுனு இருக்கு? தொடச்சியா?"

ஆமாம் என்றேன்.

பேரன் பிறந்தான். நாலாம் நாள் மஞ்சள் காமாலை என்று கோலார் ஆஸ்பத்திரியில் விளக்கடியில் வைத்தார்கள். இது எத்தனையோ குழந்தைகளுக்கு வருவது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவன் இடுப்புக்கென்று நான் கொடுத்தது பொய்க் காசு என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த அன்று, அக்கா துணி காயப்போடும்போது பின்னால் போய் நின்று சொன்னேன்.

"கொழந்த இடுப்புல இருக்கறது உங்க காசு இல்லக்கா. அத ரயில்ல தொலைச்சிட்டேன். இது என்னோடது."

ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே போட்டார். என்றைக்குத் தொலைந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் வந்து தேடியிருப்பேன் இல்ல? ரெண்டு பேரா தேடியிருக்கலாம்."

அவர் உள்ளே போய்விட்டார். இரண்டு வாரம் என் வாசல் பக்கமே அவர் வரவில்லை. குழந்தை அழும்போதெல்லாம், காசை அறுத்து எறிந்திருப்பாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பேரனுக்குத் தடுப்பூசி போட வேண்டிய அன்று அக்கா மகளுக்குக் காய்ச்சல். அக்கா வாசலில் வந்து, கூட வர முடியுமா என்று மட்டும் கேட்டார். ஆட்டோவில் ஏறியதும் குழந்தையை என் மடியில் கொடுத்தார். சட்டைக்கு மேலாக இடுப்பில் என் காசு கையில் தட்டுப்பட்டது. சாலை முழுக்கக் குழி. ஆஸ்பத்திரி வரும்வரை இரண்டு கையாலும் அவனை இறுக்கிப் பிடித்திருந்தேன்.