ஊழிநாதன் அன்னவாசலுக்கு வந்த வியாழக்கிழமை

அன்னவாசல் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் மணிமேகலைக்கு வேலை. டி.பார்ம் படித்தவள், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. காலையில் கடையில் கூட்டம் நெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் உலகத்தையே நிர்வாகம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த உலகத்தின் பெயர் வற்றுகடல். டெலிகிராமில் ஒரு குழு. அதில் சேருகிறவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கிக்கொண்டு, அந்த ஆளாகவே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் எழுத, அதற்கு மூன்றாமவர் எழுத, கதை தானாக நடக்கும். கடல் வற்றிப்போன பிறகு கடலடித் தரையிலேயே ஊர் கட்டி வாழும் சனங்களின் கதை அது. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரத்தை இழுத்துச் சிலரால் மந்திரம்போல் சில காரியங்கள் செய்ய முடியும். ஆனால் ஈரத்தை எடுத்தவர் பதிலுக்குத் தன் நினைவு ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தது கொடுத்ததுதான், அதற்குப் பிறகு அந்தக் கேரக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. செத்தவர் திரும்ப வரக்கூடாது. இந்த இரண்டு விதிகளின்மேல்தான் நாலு வருடக் கதையும் நின்றது.

மணிமேகலையின் கேரக்டர் வேம்பி, ஏழு ஊர்களுக்கும் காவல்காரி. குழுவில் அட்மினுடைய பெயரும் வேம்பிதான். எழுதுவது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு அட்மின் ரகுநாத்துக்குக்கூடத் தெரியாது.

அந்த உலகத்துக்குள்தான் ஊழிநாதன் வந்தான்.

முதல் சில நாட்கள் எல்லோரும் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவனை எழுதுகிறவருக்குத் தமிழ் அப்படி வந்து விழுந்தது. வற்றுவதற்கு முன்பிருந்த கடலை அவர் எழுதினால் வாசிக்கிறவர்கள் உதட்டில் உப்புக் கரிக்கும். தொல்லை பிறகுதான் தொடங்கியது. ஊழிநாதனுக்குக் காயம்படவில்லை. அம்பு விட்டால் பிடித்து ஒடித்தான். விஷம் வைத்தால் சிரித்துக்கொண்டே குடித்தான். மலையளவு ஈரத்தை இழுத்தான், ஒரு நினைவைக்கூடக் கொடுக்கவில்லை. கேட்டால், ‘ஊழிநாதன் விதிகளுக்கு முன்பே பிறந்தவன்’ என்று பதில் வந்தது. அவனோடு சண்டைக்குப் போனவர்கள் எழுதவே சலித்துப்போனார்கள். ‘என்ன எழுதினாலும் அவன்தான் ஜெயிக்கப்போறான், அப்புறம் நாம எதுக்கு?’ என்று ஒருவர் குழுவை விட்டுப் போனார். சின்ன வயதுக்காரர்கள் சிலருக்கோ அவன் செய்வதெல்லாம் மாஸாக இருந்தது.

ஒரு நாள் அவன் இரண்டே வரி எழுதினான். ‘ஊழிநாதன் கண்ணைத் திறந்தான். உப்பங்குடி சாம்பலானது.’

உப்பங்குடி மதுமிதா கட்டிய ஊர். திருமயம் பக்கத்துப் பெண், கோயம்புத்தூரில் படிப்பு. ஒரு வருடமாகத் தெருத் தெருவாக அந்த ஊரை எழுதியிருந்தாள். எந்தக் கிணற்றில் எந்த வீட்டார் தண்ணீர் எடுப்பார்கள், எந்தச் சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது என்பதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த இரண்டு வரிக்குப் பிறகு மதுமிதா வாய் திறக்கவே இல்லை. திட்டவும் இல்லை, வெளியேறவும் இல்லை.

குழு இரண்டாகப் பிளந்தது. ‘அவனைத் தூக்குங்க’ என்று பாதிப் பேர். ‘தூக்கினா நாங்களும் போவோம்’ என்று மீதிப் பேர். மணிமேகலை மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்கும்போதுகூடக் காதுக்குள் அந்த இரைச்சல் கேட்டது. கடைசியில் ஊழிநாதனை எழுதுகிறவருக்குத் தனியே செய்தி அனுப்பினாள்.

‘விதிப்படி நினைவு கொடுக்கணும். இல்லைன்னா கேரக்டரை மாத்துங்க.’

‘முடியாது. என் ஆளு யாருக்கும் தலைகுனிய மாட்டான்.’

அவர் குழுவில் எழுத முடியாதபடி அவள் முடக்கினாள். கொஞ்ச நேரத்தில் தனிச்செய்தி ஒன்று வந்தது.

‘அன்னவாசல்ல மெடிக்கல்லதானே இருக்கீங்க? வியாழக்கிழமை அங்கிட்டு வாரேன். நேர்ல பேசிக்குவோம்.’

மணிமேகலைக்குக் கையில் இருந்த மாத்திரை அட்டை நழுவியது. எப்படித் தெரிந்தது? யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தாள். போன சித்திரையில் ஆலங்கட்டி மழை பெய்தபோது உள்ளங்கையில் ஆலங்கட்டியை வைத்துக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். பின்னால் கடையின் கண்ணாடி, அதில் ‘மெடிக்கல்ஸ்’ என்ற எழுத்து. அதற்குப் பின்னால் எதிர்ச்சாரி பேக்கரியின் பெயர்ப்பலகை, ஊர்ப் பெயரோடு.

முன்பின் தெரியாத ஆம்பளை ஒருத்தன் கடை வாசலில் நின்று கத்தினால் என்ன ஆகும்? முதலாளி என்ன நினைப்பார்? ஊர் வாய் என்ன பேசும்? செல்போனில் எவனோடோ பழக்கமாம் என்று ஆரம்பித்தால் அதை எங்கே கொண்டு நிறுத்துவது? அன்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கோபிநாத் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவன். பொண்டாட்டி போனில் ஏதோ கதை எழுதுகிறாள் என்ற அளவில் அவனுக்கு விஷயம் தெரியும்.

“ஏங்க, ஒன்னு சொல்லணும். கோவப்படக் கூடாது” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள்.

அவன் கேட்டு முடித்துவிட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

“கதைக்குள்ள ஊரக் கொளுத்துனதுக்கு ஒருத்தன் பஸ் ஏறி வர்றானா?” என்றான். “சரி, வரட்டும். அன்னைக்கு நான் லோடுக்குப் போகல.”

வியாழக்கிழமை மத்தியானம் கோபிநாத் கடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். முதலாளியிடம், வண்டி சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொல்லியாயிற்று. முதலாளி சாப்பிடப் போனார். புதுக்கோட்டை பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் மணிமேகலையின் கண் வாசலுக்குப் போனது. தாடி வைத்த இளைஞன் ஒருவன் கடையை உற்றுப் பார்த்தபடி வந்தான். கோபிநாத் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். வந்தவன் தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்து சீட்டுகளை நீட்டினார்கள். ஒரு பாட்டில் மருந்தை அவள் மாற்றி எடுத்துவிட்டு, நல்லவேளையாகக் கொடுப்பதற்குமுன் கவனித்தாள்.

பிறகு ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த முகம். கையில் ஒரு துணிப்பை.

“இங்க வேம்பின்னு... சார் யாரும் இருக்காங்களாம்மா?”

கோபிநாத் அவளைப் பார்த்தான்.

“நான்தான்” என்றாள்.

அவர் முகம் விழுந்துபோயிற்று. பஸ்ஸில் வரும்போது என்னவெல்லாம் பேச நினைத்து வந்தாரோ, அத்தனையும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது போலிருந்தது.

“பொம்பளப் புள்ளையா?” என்றார். “நான் எவனோ ஒரு காலேஜ் பையன்னு நெனச்சேன்.”

“நானும் ஒங்கள அப்படித்தான் நெனச்சேன்” என்றாள்.

அவர் பெயர் ஆத்மநாதன். கட்டுமாவடிக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். படகுக்காரர்களிடமும் முதலாளியிடமும் ஒருசேர ஏச்சு வாங்குகிற வேலை என்று அவரே சொன்னார். ஆனால் இறங்கிப் போகிறவராக அவர் தெரியவில்லை. கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

“என் ஆளு மட்டும் எதுக்கும்மா தோக்கணும்? நாள் பூரா எவன்கிட்டயாச்சும் தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அங்கயுமா?”

“மெதுவாப் பேசுங்க” என்று கோபிநாத் இரண்டடி முன்னே வந்தான்.

மணிமேகலை கையமர்த்தினாள். பயம் அவளுக்குள் எந்த இடத்தில் கோபமாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அண்ணே, உப்பங்குடிய எழுதுனது ஒரு பொண்ணு. ஒரு வருசம் ஒக்காந்து எழுதுச்சு. நீங்க ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க. அன்னையிலேருந்து அந்தப் புள்ள ஒரு எழுத்து எழுதல. நீங்க தோக்கக் கூடாதுங்கிறதுக்காக, வேற யாருமே வெளையாட முடியாமப் பண்ணிட்டீங்க.”

ஆத்மநாதன் கவுண்டரிலிருந்து கையை எடுத்தார். ஆனால் ஒன்று கேட்டார்.

“சரிம்மா. ஒங்க வேம்பி எத்தன தடவ நெனப்பக் குடுத்திருக்கா?”

‘காவல்காரிக்கு விலக்கு உண்டு’ என்று இரண்டாம் வருடம் ஒரு விதி சேர்ந்தது. அதைச் சேர்த்தது அவள்தான். வேம்பி இல்லாவிட்டால் ஊர்களைக் காப்பாற்ற ஆளில்லை என்று அப்போது காரணம் சொல்லியிருந்தாள். யாரும் எதிர்க்கவில்லை. அட்மினை யார் எதிர்ப்பார்கள்? வேம்பியும் அன்றிலிருந்து தோற்றதில்லை.

“குடுத்ததில்ல” என்றாள் மெல்ல. “அந்த விலக்க எடுத்துர்றேன். ஞாயித்துக்கிழமை ஒங்க ஆளும் என் ஆளும் எல்லார் முன்னாடியும் மோதட்டும். ரெண்டு பேரும் வெல குடுக்கணும். தீர்ப்ப மதுமிதா சொல்லட்டும்.”

“எங்காளு கொளுத்துன ஊர எழுதுன புள்ளையா?”

“அந்தப் புள்ளதான்.”

அவர் துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைசியில் தலையை ஆட்டினார். வயிற்று எரிச்சலுக்கு ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு, புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

மதுமிதாவைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. ஊரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாமா என்றுதான் ரகுநாத் முதலில் அவளைக் கேட்டான். அதற்குத்தான் அவள் இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக எழுதினாள். ‘வேண்டாம். எரிஞ்சது எரிஞ்சதாவே இருக்கட்டும். திருப்பிக் கட்டிட்டா, இனிமே இந்த உலகத்துல எது எரிஞ்சாலும் யாரும் அழ மாட்டாங்க.’ தீர்ப்புச் சொல்ல ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணிமேகலை ஆத்மநாதன்மேல் போட்டிருந்த முடக்கத்தை நீக்கிவிட்டு, வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். கோபிநாத் பக்கத்தில் படுத்தபடி, “இப்ப என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குழுவில் இருந்த எல்லோரும் அன்று வந்திருந்தார்கள். ஒருவரும் குறுக்கே எழுதவில்லை.

வேம்பி முதல் அடியை அடித்தாள். ஈரத்தை இழுத்து உப்புச் சுவர் எழுப்பி ஊழிநாதனைச் சிறைவைத்தாள். விலையாக, சின்ன வயதில் கேட்ட ஒரு தாலாட்டைக் கொடுத்தாள். அதை எழுதும்போது மணிமேகலைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி ஊழிநாதனின் முறை. அவர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. ‘விதிக்கு முன்பே பிறந்தவன்’ என்று பழைய பல்லவியைப் பாடிவிட்டால் குழு அன்றோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ரகுநாத் மணிமேகலைக்குத் தனியாக ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினான்.

பிறகு அது வந்தது.

‘ஊழிநாதன் சுவரை உடைத்தான். விலையாகக் கடலைக் கொடுத்தான். அலை எப்படி இருக்கும் என்று இனி அவனுக்குத் தெரியாது.’

மணிமேகலை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இனி அந்த மனிதர் ஊழிநாதனாகக் கடலை எழுதவே முடியாது. அவருக்கு எழுதத் தெரிந்ததில் சிறந்ததே அதுதான்.

தீர்ப்பு வரக் கொஞ்சம் தாமதமானது. மதுமிதா சுருக்கமாக எழுதினாள். ‘வேம்பி கொடுத்தது ஒரு தாலாட்டு. அவள் அதை இதுவரை எந்த இடத்திலும் பாடியதே இல்லை. அவன் கொடுத்தது கடல். வேம்பி விழுகிறாள். ஊழிநாதன் பிழைக்கிறான். அவன் வலக்கை இனி எழாது.’

“என்ன ஆச்சு?” என்றான் கோபிநாத்.

“நான் செத்துட்டேங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய்ப் புரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான்.

வேம்பிக்காகச் சிலர் பத்தி பத்தியாக இரங்கல் எழுதினார்கள். அட்மினையே கொல்லுகிற குழுவில் இருக்க மாட்டோம் என்று சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஊழிநாதன் தோற்றிருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் முணுமுணுத்தார்கள். காவல்காரிக்கான விலக்கு விதி நீக்கப்பட்டது. மணிமேகலை ஆலங்கட்டிப் படத்தை அழித்தாள். ஆத்மநாதனுக்கு ஒரு எச்சரிக்கையும் அனுப்பினாள். ‘கதைச் சண்டைக்கு இனிமே யார் வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. போனா நிரந்தரமா நீக்கிருவேன்.’

அவரிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. “தப்புத்தாம்மா. ஆத்திரத்துல கெளம்பிட்டேன். நீ பயந்திருப்பேன்னு பஸ்ல திரும்புறப்பதான் ஒறச்சுச்சு.”

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமே ஊழிநாதன் கனவில் ‘நீலமாக, முடிவில்லாமல், ஏதோ ஒன்று அசைந்ததை’ கண்டான். மணிமேகலை அந்தப் பதிவை நீக்கினாள். ‘சும்மா ஒரு கனவுதானேம்மா’ என்று கெஞ்சினார். ‘கூடாது அண்ணே’ என்றாள்.

மதுமிதா சாம்பலிலிருந்து எழுதத் தொடங்கினாள். தப்பித்த நாலைந்து குடும்பங்கள் சாம்பல் மேட்டில் கூரை போடுகின்றன. கை விளங்காத ஒருவன் தூரத்தில் வந்து நிற்கிறான். அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் சண்டை. அந்தச் சண்டை வாரக்கணக்கில் ஓடியது. இத்தனை பேர் ஒரே இடத்தில் எழுதி ரொம்ப நாளாகியிருந்தது.

மணிமேகலை கொஞ்ச காலம் கேரக்டரே இல்லாமல் இருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், புது ஆளாக ஒரு வரி எழுதினாள். சோழி விற்கிற ஒருத்தி, ஈரம் இழுக்கத் தெரியாதவள், கூடையோடு சாம்பல் மேட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள்.

மதுமிதாவின் பதில் உடனே வந்தது.

‘எந்த ஊரு நீ? யாருக்குச் சொந்தம்? கூடையை இறக்கு, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்.’