மழைக்கு ஒதுங்கியவள்

ஹட்டனில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கருந்துளை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கிலிருந்து ஈர நாற்றம் உள்ளே வந்தது. சொல்ல வந்தது எனக்கு மறந்துபோனது.

பதினோரு வயதில் இதே மண்டபத்தில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அம்மா மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து நேராக ஓடிவந்திருந்தாள். படங்கு முழுக்கத் தேயிலைக் கறை. என் பக்கத்து நாற்காலியில் இருந்த கடைக்காரர் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரு அது?" என்றாள்.

"எங்க லயத்துல, பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க" என்றேன்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆமா பாப்பா, மழைக்கு ஒதுங்குனேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, நான் பரிசு வாங்கும்வரை தூணோரமே நின்றாள். அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போய்விட்டோம். அங்கே கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரான பிறகும், பேட்டிகளில் அம்மாவை டீச்சர் என்றே சொல்லிவந்தேன்.

இப்போது வாசலில் நின்றவளிடம், "மழைக்கு ஒதுங்குனீங்களா?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க அம்மா, மிஸ்" என்று சொல்லி, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.